கிற்றாரின் மேற்பூச்சில் நேரும் சிறு காயங்கள்



பூநகரிக் கரையில் சோளகம் வீசும் மாதங்களில் மணலும் உப்பும் படியாத பொருள் வீட்டில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினாலோ, ஈரம் மரத்துள் இறங்கும். தேவாலயப் பாடகர் குழுவிலும் பாடசாலை மேடையிலும் ஒலிக்கும் கிற்றார் இவ்விரு பருவங்களையும் தாங்கவேண்டிய கருவியாகும். கதிரை விளிம்பில் மோதி அதன் பூச்சு நெல்மணியளவு பெயர்ந்துவிட்டால், அதனை அழகுக் குறையென்று மட்டும் கொள்ளுதல் தகாது. அவ்விடத்தில் மரம் திறந்து கிடக்கின்றது. ஈரமும் கைவியர்வையும் அவ்வழியே உட்புகும். சுற்றியுள்ள பூச்சும் நாளடைவில் கிளம்பும்.

ஆதலின் முதலில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடைப்படாத கீறலெனின், மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் இட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் மறையும். நகம் தடைப்பட்டும் மரம் தெரியவில்லையெனின் அவசரமில்லை. மரம் தெரியுமாயின் மாரிக்கு முன் மூடிவிடவேண்டும்.

எதனால் மூடுவது? அது பழைய பூச்சின் இனத்தைப் பொறுத்தது. கையால் செய்யப்பெற்ற உயர்ந்த கிற்றார்கள் சிலவற்றில் அவலரக்குப் பூச்சு உண்டு. பழைய அமெரிக்கக் கருவிகள் பலவற்றில் நைத்திரோசெலுலோசு லாக்கர் உண்டு. இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பொலியூறிதேன் அல்லது பொலியெஸ்டர் பூச்சுடையவை. தலைப்பகுதியின் பின்புறத்தில், பார்வைக்குப் படாத ஓரிடத்தில், பஞ்சு முனையால் ஸ்பிரிட் சிறிது தொட்டு வையுங்கள். பூச்சு பிசுபிசுத்தால் அவலரக்கு. அசையாவிடின் தின்னரை அவ்வாறே சோதியுங்கள். அதற்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் இளகாதது பிற்காலப் பூச்சேயாகும்.

அவலரக்கும் லாக்கரும் இணக்கமுள்ளவை. அதே இனத்துப் புதுத்துளி, பழைய பூச்சைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். பொலியூறிதேன் அவ்வாறன்று, ஒருமுறை இறுகினால் மீண்டும் கரையாது. அதற்கு மெல்லிய சுப்பர் குளூவே தக்கது. குச்சி முனையால் ஒரு துளி இட்டு, நன்றாக உலரவிட்டு, மறுதுளி இடுக. சுற்றுப்புறத்தைவிடச் சிறிது மேடாகும்வரை இடுதல் போதும். பஞ்சினால் இதனைத் துடைக்கலாகாது. பஞ்சில் அது மிகுதியாகப் பட்டால் கையைச் சுடுமளவு சூடேறும். சாளரத்தைத் திறந்து வைத்தே செய்க. அதன் ஆவி கண்ணுக்கு ஆகாது.

ஒருநாள் கழித்து அம்மேட்டைச் சமப்படுத்தவேண்டும். பொறுமை வேண்டிய கட்டம் இதுவே. சவர அலகொன்றின் இரு ஓரங்களிலும் ஒட்டுநாடா சுற்றுங்கள்; நடுப்பகுதி மட்டும் மேட்டைச் சுரண்டும், நாடா நல்ல பூச்சைக் காக்கும். பின்னர் 1000, 1500, 2000 என்னும் எண்ணுள்ள அரத்தாள்களை முறையே நனைத்து மெல்லத் தேய்த்து, மெருகுப் பசையால் முடியுங்கள். நீர் மிகுந்து ஒலித்துளைப் பக்கம் ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றி மெல்லிய வளையம் போன்றதொரு கோடு எஞ்சக்கூடும். அது எஞ்சட்டும், அதனை அழிக்கப் புகுந்து நல்ல பூச்சையும் தேய்த்து ஓட்டையாக்கியோர் பலர்.

நம் வீடுகளில் இரு வழக்கங்கள் உண்டு. ஒன்று, காயத்தில் தேங்காய் எண்ணெய் தடவுதல். எண்ணெய் ஊறிய மரத்தில் பின்னர் எப்பூச்சும் சரிவரப் பற்றாது. மற்றது, கதவுக்கு வாங்கிய வார்னிஷில் மிஞ்சியதைக் கருவி முழுவதும் பூசுதல். கிற்றாரின் மேற்பலகை ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அது அதிர்வதாலேயே நாதம் பிறக்கின்றது. தடித்த பூச்சு அதன்மேல் ஏறினால் பளபளப்பு வரும், நாதம் மங்கும்.

பலகையே வெடித்திருந்தாலோ, தந்திகளைத் தாங்கும் பாலம் கிளம்பியிருந்தாலோ, வீட்டில் கை வைக்கவேண்டாம். 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணம் செல்வது எளிதாகிவிட்டது. தந்திகளைத் தளர்த்தி, கருவியைப் பெட்டியிலிட்டு, நல்லதொரு கைவினைஞரிடம் கொண்டு செல்லுங்கள்.