எந்த மாதிரி?

(தலைப்பு: இரட்டைக்கிளவி பேச்சுக்கு அலங்காரமா? அவசியமா?)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், “சலசல, மொறுமொறு எல்லாம் வாய்க்கு ருசி, அவ்வளவுதான். எடுத்துட்டா அர்த்தம் ஒண்ணும் குறையாது” என்று சொன்னார். ஐயா, அவர் அதை எப்படிச் சொன்னார்? மடமடன்னு சொன்னார்! (சிரிப்பு) அந்த மடமடவை எடுத்துட்டா, அவர் மூச்சு விடாம பேசின அழகை வீட்டுக்குப் போய் நான் எப்படிச் சொல்றது?

பாம்பைப் பார்த்தவன் “பாம்பு, பாம்பு”ன்னு கத்துவான். பயம் கூடினா மூணு தடவை. நன்னூல் நாலு தடவை வரைக்கும் அனுமதி கொடுக்குது! (சிரிப்பு) அது அடுக்குத்தொடர். ஒத்தையா நின்னாலும் பாம்பு பாம்புதான். ஆனால் மொறுமொறு வடையில் ஒரே ஒரு ‘மொறு’வை மட்டும் கடிக்க முடியுமா? (கைத்தட்டல்) அதனால்தான் இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்று தொல்காப்பியம் தனி நூற்பாவே வைத்தது. அதே இலக்கணத்தை 1998-ல் வந்த ‘ஜீன்ஸ்’ படத்துப் பாட்டில் வைரமுத்து நம்ம வீட்டுப் பிள்ளைகளையும் பாட வெச்சுட்டார்.

சரி, அடுப்படிக்கு வாங்க. உப்புமா பொலபொலன்னு உதிரணும். வெண்டைக்காய் வழவழன்னு இருக்கக் கூடாது. சாதம் கொழகொழன்னு ஆயிடக் கூடாது. இது அலங்காரமா ஐயா? பக்குவம்! கிராமிலும் நிமிஷத்திலும் அளக்க முடியாத பக்குவத்தை அளந்து சொல்ற படி அது!

இன்னொரு இடம் இருக்கு. ஆஸ்பத்திரி. ஒரு கிழவி டாக்டர்கிட்ட என்ன சொல்லுவாள்? “தலை கிறுகிறுன்னு சுத்துது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. வயிறு திகுதிகுன்னு எரியுது. ராத்திரியானா உடம்பு வெடவெடன்னு நடுங்குது.” நாலு சொல், நாலு உபாதை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் எவ்வளவு துல்லியமா சொல்றாள் பாருங்க! கூட வந்த படிச்ச பேரன் என்ன சொல்றான்? “டாக்டர், பாட்டிக்கு ஒரு மாதிரியா இருக்காம்.” (பலத்த சிரிப்பு) எந்த மாதிரிடா? மாதிரி தெரிஞ்சாத்தானே அவர் மாத்திரை எழுத முடியும்! (கைத்தட்டல்)

சிரிச்சீங்க. சந்தோஷம். ஆனால் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பேரனுக்கு நாளைக்கு வயசாகும். அவன் நெஞ்சும் ஒரு ராத்திரி அடிச்சுக்கும். அப்போ அது படபடப்பா, எரிச்சலா, நடுக்கமான்னு பக்கத்தில் இருக்கிறவங்களுக்குச் சொல்ல அவன்கிட்ட ஒரு சொல் வேணாமா? நகை தொலைஞ்சா வேற வாங்கிக்கலாம். நோவைச் சொல்ற வாய் தொலைஞ்சா எந்தக் கடையில வாங்குவது?

நடுவர் ஐயா மணியில் கை வெச்சுட்டார். அது கிணுகிணுன்னு அடிக்கும் முன்னால், இரட்டைக்கிளவி அவசியமே, அவசியமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(கைத்தட்டல்)