ஏலி செய்த பணி



சிறுவன் சாமுவேலை நமக்குத் தெரியும். தாய் அன்னா அவனைச் சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் ஒப்படைத்தார். குரு ஏலியிடம் அவன் வளர்ந்தான். ஓர் இரவு யாரோ தன்னை அழைப்பதைக் கேட்டு, மூன்று முறையும் ஏலியிடமே ஓடினான். அழைப்பவர் ஆண்டவர் என்பது ஏலிக்கே மூன்றாம் முறைதான் புரிந்தது. புரிந்ததும், அடுத்த முறை என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்துச் சிறுவனை அனுப்பிவைத்தார்.

கத்தோலிக்கப் பள்ளியின் பணியும் இதுவே. அழைப்பவர் இறைவன். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லப் பழக்குவது பள்ளி.

நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல உண்டு. அதே இலங்கையின் வடக்கே, ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-ல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். ஊரில் புனித அந்தோனியார் கல்லூரியிலும், பிறகு யாழ்ப்பாணத்தில் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் நடத்திய புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அங்கிருந்து கொழும்புக் குருமடம், பிறகு உரோமை. 1938-ல் குருவானார்.

அவர் கல்வி அத்தோடு முடியவில்லை. தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். பல மொழிகள் அறிந்த அந்தக் குரு, தமிழ் இலக்கியத்தை ஆழமாகக் கற்கத் தொடங்கியது அங்கேதான். கற்பிக்க வந்தவர், தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் படித்தார். 1966-ல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தவர் அவரே. ஒரு பள்ளி அவரைக் குருமடத்துக்கு வழி அனுப்பியது. இன்னொரு பள்ளி, குருவான பின் என்ன செய்ய வேண்டும் என்று காட்டியது.

பெற்றோரே, அவலாஞ்சியிலிருந்து எமரால்டுக்கும் உதகைக்கும் பனியில் பேருந்தேறிப் போகிறார்கள் நம் பிள்ளைகள். கட்டணம் கட்டக் கூலியில் மிச்சம் பிடிக்கிறோம். நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் பிள்ளை ஒருநாள், "நான் சாமியாராகணும்", "நான் சிஸ்டராகணும்" என்று சொன்னால், "முதல்ல மார்க் எடு" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். தாதியாக, ஆசிரியராக, ஏழைகளோடு நிற்பவராக வாழ வேண்டும் என்றாலும் அதே பதில்தான்.

சாமுவேல் அன்றிரவு கேட்டது ஏலியின் குடும்பத்துக்கு எதிரான வார்த்தை. காலையில் அதைச் சொல்ல அவன் அஞ்சினான். ஏலியோ எதையும் மறைக்காதே என்று வற்புறுத்திக் கேட்டார்; கேட்டதை ஏற்றுக்கொண்டார். நமக்கும் இழப்பு தரக்கூடிய அழைப்பு நம் வீட்டுக்கு வரலாம். ஒரே மகனாக இருக்கலாம், வீட்டின் ஒரே வருமானமாக இருக்கலாம். பிள்ளையைத் தள்ளிவிடவும் வேண்டாம், தடுத்துவிடவும் வேண்டாம். அருகில் அமர்ந்து, "என்ன கேட்டாய்? மறைக்காமல் சொல்" என்று கேட்போம். மீதியை இறைவன் பார்த்துக்கொள்வார்.

இந்த வாரம், நமக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரையாவது நினைத்து மன்றாடுவோம். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.