லாரி ஓட்டுநரின் உறக்கமும் முதலாளியின் கேமராவும்

(சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர் பிரச்சினைகள் குறித்த வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இம்மரணங்களில் பத்துக்கு ஏழு ‘அதிவேகம்’ என்ற தலைப்பின்கீழ் பதிவாகியுள்ளன. வண்டி எவ்வளவு வேகமாகச் சென்றது என்பதை அந்தத் தலைப்பு சொல்லும். ஏன் அவ்வளவு வேகமாகச் செல்ல நேர்ந்தது, ஓட்டியவர் கடைசியாக எப்போது உறங்கினார், சரக்கு எத்தனை மணிக்குள் சேர வேண்டும் என்று யார் கெடு விதித்தார் என்பதைச் சொல்லாது.

இந்தச் சாவுகளைக் குறைக்கும் வழியாக இப்போது இரண்டு கருவிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, ஓட்டுநர் அறையில் பொருத்தப்படும் டேஷ் கேமரா. மற்றொன்று, வண்டியின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்து அனுப்பும் டெலிமேட்டிக்ஸ். பெரிய சரக்கு நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் இவற்றை ஊக்குவிக்கின்றன. ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் கருவியைக் கனரக வண்டிகளில் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை ஒன்றிய அரசு 2025 மார்ச்சில் வெளியிட்டது.

இது பற்றித் தொழிற்சங்க அரங்கில் இரு கருத்துகள் நிலவுகின்றன. ‘இது வேவு பார்க்கும் கருவி, அகற்றப்பட வேண்டும்’ என்பது ஒன்று. ‘உயிரைக் காக்கும் கருவியை எதிர்ப்பது பிற்போக்கு’ என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மையைப் பேசுகின்றன. கருவி சேகரிக்கும் தகவல் யார் கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வியிலிருந்தே தொழிலாளி வர்க்கத்தின் நிலைபாடு தொடங்க வேண்டும்.

கருவி எதைப் பார்க்கிறது

டேஷ் கேமராவுக்குப் பொதுவாக இரண்டு கண்கள் உண்டு. ஒன்று முன்னால் உள்ள சாலையைப் பார்க்கிறது. மற்றொன்று ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கிறது. இரவிலும் அகச்சிவப்பு ஒளியின் துணையால் இமை எவ்வளவு நேரம் மூடியிருந்தது, கொட்டாவி வந்ததா, பார்வை விலகியதா, கைப்பேசி காதில் இருந்ததா என்று அது கணக்கிடுகிறது. ஆபத்து என்று கருதினால் ஒலி எழுப்பும். அதே நொடியில் அந்தக் காட்சித் துண்டு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடும். டெலிமேட்டிக்ஸ் கருவியோ வண்டி இருக்கும் இடம், வேகம், திடீர் பிரேக், திடீர் வளைவு, நின்ற நேரம், நின்ற நிலையில் இன்ஜின் ஓடிய நேரம், டீசல் அளவு ஆகியவற்றை அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்து மாத இறுதியில் ஓட்டுநருக்கு ஒரு மதிப்பெண்ணாகிறது.

இந்த மதிப்பெண்ணுக்குச் சாலையின் நிலை தெரியாது. எதிர்த்திசையில் வந்த இருசக்கர வாகனத்தைக் காப்பாற்ற ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் ‘திடீர் பிரேக்’ என்று பதிவாகிறது. ஓர் உயிரைக் காத்த செயல் மதிப்பெண் குறைவதற்குக் காரணமாகிறது.

இன்னொரு முரண்பாட்டையும் காண வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியானது. நீண்ட காலக் கோரிக்கை நிறைவேறியது வரவேற்கத்தக்கது. ஆனால் மே மாத வெயிலில், நாக்பூர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் உறங்க விரும்பும் ஓட்டுநர், குளிர்சாதனத்துக்காக இன்ஜினை ஓடவிட்டால் ‘வீண் எரிபொருள்’ என்ற கணக்கில் மாட்டிக்கொள்கிறார். ஒரு கருவி அவரை உறங்காதே என்று எச்சரிக்கிறது. மற்றொரு கருவி அவர் உறங்கியதைக் குற்றமாக எழுதுகிறது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. லாரியில் கண்காணிப்புக் கருவி முதலில் நுழைந்ததே சரக்கைக் காக்கத்தான். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு ஓடும் டேங்கர் லாரிகளில் இடங்காட்டும் கருவி பல ஆண்டுகளாக உள்ளது. வழி மாறிச் செல்வதும் அனுமதியற்ற இடத்தில் நிற்பதும் அங்கே விதிமீறல்கள். திருட்டைத் தடுப்பது அதன் நோக்கம். சரக்கின் கோணத்தில் நின்ற வண்டி சந்தேகத்துக்குரியது; ஓட்டுநரின் கோணத்தில் நின்ற வண்டிதான் ஓய்வு.

கேமராவில் படாதவை

2018-ஆம் ஆண்டை நினைவுகூர்வது பயனுடையது. அந்த ஆண்டு ஜூலையில் லாரிகளின் அச்சுச் சுமை வரம்பு 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. நேஷனல் பெர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவ்வாண்டு கைவிடப்பட்டது. அதே காலத்தில்தான் நேஷனல் பெர்மிட் வண்டிகளுக்கு ஃபாஸ்டாகும் இடங்காட்டும் கருவியும் வேண்டும் என்ற முன்மொழிவு வந்தது. சுமை கூடியது, மாற்றி ஓட்டுவதற்கு இருந்த மனிதர் இறங்கினார், அவரது இடத்தில் கருவி ஏறியது. நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வடமாநிலங்களுக்குப் போய்வரும் ஓட்டுநர்கள் இந்த மாற்றத்தை உடலால் அறிவார்கள். இரண்டாவது ஓட்டுநர் இல்லாத வண்டியில், கிளீனரும் இல்லாத வண்டியில், இரவு இரண்டு மணிக்கு இமை மூடுவதைக் கண்டு கேமரா ஒலி எழுப்பலாம். ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ள அதனால் முடியாது.

இமை ஏன் மூடுகிறது? சேவ்லைஃப் அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதி ஓட்டுநர்கள் களைப்போடும் தூக்கக் கலக்கத்தோடும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டனர். டிரிப் கணக்கில் கூலியும் பேட்டாவும் பெறுபவருக்கு ஓய்வு நேரம் கூலியற்ற நேரம். தொழிற்சாலை வாயிலில் லோடு ஏற்றவும் இறக்கவும் காத்துக்கிடக்கும் நேரமும் அவ்வாறே. அங்கே இழந்த மணிகளை அவர் சாலையில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கெடு விதித்த சரக்கு முதலாளியின் முகம் எந்தக் கேமராவிலும் பதிவாவதில்லை.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலைநாள் குறித்த அத்தியாயத்தில், லண்டனில் நடந்த ஒரு மரண விசாரணையைக் குறிப்பிடுகிறார். பெரும் ரயில் விபத்து ஒன்றுக்காகக் கார்டும் இன்ஜின் ஓட்டுநரும் சிக்னல் பணியாளரும் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்களது கவனக்குறைவே காரணம் என்பது குற்றச்சாட்டு. முன்பு எட்டு மணி நேரமாக இருந்த வேலை பதினான்கு, பதினெட்டு, இருபது மணி நேரமாக நீட்டப்பட்டதையும், நெருக்கடிக் காலங்களில் 40, 50 மணி நேரம் தொடர்ந்து உழைத்ததையும் அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். அந்த விசாரணையில் ஒரு கேமராக் காட்சி இருந்திருந்தால் அது சிக்னல் பணியாளரின் மூடிய கண்களை மட்டுமே காட்டியிருக்கும்.

ஓட்டுநருக்கும் ஒரு சாட்சி வேண்டும்

ஆயினும் கருவியை அப்படியே நிராகரிப்பது ஓட்டுநர்களின் அனுபவத்துக்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் பெரிய வண்டி ஓட்டியவரே குற்றவாளி என்பது சாலையின் எழுதப்படாத சட்டம். கூடும் கூட்டம் விசாரணைக்குக் காத்திருப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்துக்குப் பின் தகவல் தெரிவிக்காமல் செல்பவருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகை செய்தபோது, 2024 ஜனவரி முதல் நாளில் வடமாநிலங்களின் நெடுஞ்சாலைகள் ஓட்டுநர்களின் கோபத்தால் நின்றன. அப்பிரிவு இல்லாமலேயே 2024 ஜூலை 1 அன்று அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தலைமை இல்லை, அமைப்பு இல்லை என்று சொல்லப்பட்ட தொழிலாளர்கள் பெற்ற வெற்றி அது.

அத்தகைய ஓட்டுநருக்குச் சாலையை நோக்கிய கேமரா ஒரு சாட்சி. எதிரே வந்த வாகனம் தடம் மாறியதையும், சாலையில் விளக்கின்றி நின்ற டிராக்டரையும், வழியில் நீளும் லஞ்சக் கையையும் அது பதிவு செய்யும். எனவே சாலையை நோக்கிய கேமராவை ஓட்டுநர்கள் வரவேற்பதும், முகத்தை நோக்கிய கேமராவை வெறுப்பதும் முரண்பாடாகாது. அமெரிக்காவில் டீம்ஸ்டர்ஸ் சங்கம் 2023-இல் யூ.பி.எஸ். நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில் ஓட்டுநரை நோக்கிய கேமராக்கள் கூடாது என்று எழுதி வாங்கியது. கருவியை எங்கே திருப்பி வைப்பது என்பதும் கூட்டுபேரத்துக்கு உரிய பொருளே என்பதை அது காட்டுகிறது.

தகவலை ஓட்டுநரைத் தண்டிக்காமலே பயன்படுத்தவும் முடியும். நாக்பூரில் 2021-இல் தொடங்கிய ஐராஸ்தே திட்டத்தில், மாநகரப் பேருந்துகளில் பொருத்திய எச்சரிக்கைக் கருவிகளின் பதிவுகளைக் கொண்டு, நாளை விபத்து நடக்கக்கூடிய இடங்கள் அடையாளம் காணப்பட்டன. ஒரே வளைவில் நூறு வண்டிகள் திடீர் பிரேக் போட்டால், பிழை நூறு ஓட்டுநர்களிடம் இருக்க வாய்ப்பில்லை. சாலையைத்தான் திருத்த வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. நீண்ட தூர வழித்தடங்களிலும் எக்காரணம் கொண்டும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது என்றது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி நேர இடைவேளை கட்டாயம். ஐந்து தொழிலாளர் இருக்கும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு இச்சட்டத்தை விழுங்கிவிட்டது. ஐந்து என்ற வரம்பும் பத்தாகிவிட்டது. நாட்டின் லாரிகளில் பெரும்பகுதி, ஐந்துக்கும் குறைவான வண்டிகள் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களிடம் உள்ளது. அதாவது கேமரா எல்லா ஓட்டுநரையும் எட்டலாம். வேலை நேரச் சட்டம் பெரும்பாலோரை எட்டாது.

தகவல் பற்றிய சட்டமும் முதலாளியின் பக்கமே சாய்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் தொழிலாளியின் இசைவைப் பெறாமலேயே அவரது தரவைக் கையாள இடமளிக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் கையில் உள்ள ஆயுதங்கள் சில. ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, முன்னரே அறிவித்து ஒப்புதல் பெற்ற குற்றங்களுக்கு மட்டுமே அபராதம் விதிக்கலாம். விளக்கம் கேட்க வேண்டும். அது அந்த ஊதியக் காலத்துக் கூலியில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கேமரா ஒலித்ததாகச் சொல்லிக் கூலியில் கைவைக்கும் இடங்களில் சங்கம் இவ்விதியை எடுத்துப் பேச வேண்டும்.

கோரிக்கைகள்

முதலாவதாக, வண்டியில் பதிவாகும் தகவல் ஓட்டுநரின் வேலை நேரப் பதிவேடாக ஏற்கப்பட வேண்டும். சாவி திருப்பிய நொடியும் நிறுத்திய நொடியும் கருவிக்குத் தெரியும். பதினைந்து மணி நேரம் ஓட்ட வைக்கப்பட்டதற்கு இனி வேறு சாட்சி தேடவேண்டியதில்லை. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு என்ற விதியை அமலாக்குவதே வண்டியில் உள்ள பதிவுக்கருவிதான். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று கூறும் ஐ.எல்.ஓ.வின் 153-ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்.

இரண்டாவதாக, பதிவின் நகல் ஓட்டுநருக்கும் அவர் விரும்பினால் சங்கத்துக்கும் கிடைக்க வேண்டும். முகத்தை நோக்கிய கேமரா சங்கத்தின் உடன்பாட்டோடு மட்டுமே. அதுவும் ஒலி எழுப்புவதோடு நிற்க வேண்டும், காட்சியை அனுப்பக் கூடாது. வண்டி நின்று ஓட்டுநர் உறங்கும்போது அது அணைந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, காத்திருக்கும் நேரத்துக்கும் ஓய்வு நேரத்துக்கும் கூலி வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டமே முனையத்தில் வெறுமனே காத்திருப்பதை 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலை நேரமாக எண்ணியது. இந்தப் பழைய அநீதியைத் திருத்த, வாயிலில் கழிந்த ஒவ்வொரு நிமிடத்தையும் காட்டும் டெலிமேட்டிக்ஸ் பதிவே ஆதாரம்.

நான்காவதாக, கெடு விதிக்கும் சரக்கு நிறுவனம் விபத்து விசாரணையில் பதில் சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரி கேமராக் காட்சியோடு, முந்தைய ஏழு நாள்களின் ஓட்ட நேரப் பதிவையும் சரக்கு ஒப்பந்தத்தையும் கேட்டுப் பெற வேண்டும்.

சிறு உரிமையாளரை இப்போராட்டத்தில் எதிரியாகக் கருதக் கூடாது. கருவியின் விலையையும் மாதக் கட்டணத்தையும் அவர்தான் செலுத்துகிறார். வாடகையையும் கெடுவையும் தீர்மானிப்பது பெருநிறுவனம். பல வண்டிகளில் உரிமையாளரே ஓட்டுநராகவும் இருக்கிறார். கட்டுப்படியாகும் வாடகையும் பாதுகாப்பான வேலை நேரமும் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள்.

தோழர்களே, லாரி நிறுத்தங்களிலும் தாபாக்களிலும் பணியாற்றும் உறுப்பினர்கள் ஓட்டுநர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘கேமரா இருக்கிறதா’ என்பது அல்ல. ‘கடந்த வாரம் எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள், அதற்கான பதிவு யாரிடம் இருக்கிறது’ என்று கேட்க வேண்டும். அந்தப் பதிவை ஓட்டுநர் தமது உரிமை என்று கேட்கத் தொடங்கும் நாளில், அவரை வேவு பார்க்க வந்த கருவியே அவரது வேலை நேரத்துக்குச் சாட்சி சொல்லும்.