பரண் மேல் கிடக்கும் மடிக்கணினி

(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் பெற்றோர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



"பிள்ளை கல்லூரிக்குப் போகிறாள், கம்ப்யூட்டர் வாங்க உதவி வேண்டும்" என்று இந்த வருடமும் நிறைய விண்ணப்பங்கள் வந்தன. விசாரிக்க வீடுகளுக்குப் போனோம். சிவகாசியிலும் சரி, விருதுநகரிலும் சரி, பல வீடுகளில் பரண் மேல் துணி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி கிடக்கிறது. அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. கேட்டால், "அது செத்துப் போச்சுங்க" என்கிறார்கள். எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். பாதிக்கு மேல் சாகவில்லை. உள்ளே ஒரே ஒரு பாகம் தேய்ந்து போயிருந்தது. அந்தப் பாகத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. அடுத்து வந்த வருடங்களில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வாங்கினார்கள். தொடக்கத்தில் கொடுத்தவற்றில் 320 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தது. உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும். அதன் மேல் ஒரு முள் தட்டைத் தொடாமல் மிதந்தபடி எழுதும், படிக்கும். பத்து வருடம் ஓடிய தண்ணீர் மோட்டார் தேயாமலா இருக்கும்? இதுவும் அப்படித்தான். திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது, நடுவில் நின்றுவிடுகிறது, 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்கைத்தான்.

அதன் இடத்தில் எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க் போடலாம். அதில் சுற்றுவது எதுவும் கிடையாது, எல்லாம் சில்லுதான். அந்த மடிக்கணினிகளில் இருப்பதும் சாட்டா இணைப்புதான், இரண்டரை அங்குல அளவுதான். ஆகவே புதியது அப்படியே பொருந்தும். பழையது பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் கனம், புதியது 7. அந்த இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாது. புது மடிக்கணினி வாங்கும் பணத்தில் சிறு பங்குதான் செலவு. 2 ஜிபி ராமை 4 ஆக்க முடிந்தால் அதையும் செய்துவிடுவது நல்லது. ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, அதைக் கழற்றிவிட்டு மற்ற வேலை.

டிஸ்கை மாற்றுவது அரை மணி நேர வேலை. கவலையெல்லாம் அதற்கு முந்தைய வேலையில்தான். ஒரு தாய் மகனுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். கடையில் "ஃபார்மட் பண்ணிரலாம்" என்றிருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மவுத்தாகிவிட்ட கணவரின் படங்கள் வேறு எங்கும் இல்லை. பையனுடைய சான்றிதழ்களின் ஸ்கேனும் அதில்தான். டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. கெட்ட பகுதியில் முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல பகுதியை முதலில் படித்து வேறு டிஸ்கில் எழுதிவிட்டு, அப்புறம் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். இரவு முழுக்க ஓடியது. சில படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது, மற்றவை வந்துவிட்டன. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் மறக்க மாட்டோம். சத்தம் போடும் டிஸ்கைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு. அணைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.

வீட்டிலேயே திறக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் எர்த் கொடுத்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் பொறியாகிவிடக் கூடாது என்பதற்காக. அதே மின்சாரம் சில்லையும் கெடுக்கும், நம் ஊர்க் காய்ச்சலில் இன்னும் சுலபமாக. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, எர்த் உள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அச்சகம், டிடிபி வேலையில் இருப்பவர்கள் இன்னும் பழைய பெட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அகலமான நாடா போன்ற கேபிள் இருந்தால் அது ஐடிஇ. அதற்குப் பழைய கேமராக்களில் போட்ட காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு பொருந்தும், ஏனென்றால் அந்தக் கார்டுக்கு ஐடிஇ பேச்சு தெரியும், நடுவில் ஒரு சின்ன அடாப்டர் போதும். பெரிய டிஸ்கை வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றுக்கு 137 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது, இன்னும் பழையவை 528 எம்பியிலேயே நின்றுவிடும். பழைய தமிழ் எழுத்துருவில் செய்த கல்யாணப் பத்திரிகைகள், நோட்டீஸ்கள் அதில் இருக்கும் என்றால் அந்தப் பெட்டியை இணையத்தில் இணைக்காமல் அப்படியே ஓட்டலாம்.

படிக்கும் பிள்ளைக்கு இணையம் வேண்டும். விண்டோஸ் 10-க்குக் கூட 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. அதனால் நாங்கள் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைத்தான் போட்டுத் தருகிறோம். தமிழ்99 விசைப்பலகை அதில் வேலை செய்கிறது. எழுத, படிக்க, வகுப்புக் காணொளி பார்க்கப் போதும். கனமான வரைகலை மென்பொருள் ஓடாது. அந்தப் பாடம் எடுத்த பிள்ளைக்குப் புதியதுதான் வாங்க வேண்டும், அந்த விண்ணப்பத்தைத் தனியாகப் பார்க்கிறோம்.

கழற்றிய பழைய டிஸ்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். ஆதார் நகல், பாஸ்புக் படம், பெண் பிள்ளைகளின் புகைப்படம் எல்லாம் அதிலேயே இருக்கும். நாங்கள் உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். அழிக்கச் சொன்னால் உங்கள் கண்முன் அழிப்போம். எஸ்எஸ்டியைக் கரண்டே காட்டாமல் வருடக்கணக்கில் பரணில் வைத்தால் அதில் எழுதியது மங்கலாம், ஆகவே முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்திலும் இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், வருகிற ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து நம் அலுவலகத்தில் பார்க்கிறோம். சார்ஜரையும் எடுத்து வாருங்கள், போன முறை பாதிப் பேர் அதை மறந்துவிட்டார்கள். பாஸ்வேர்டு தெரிந்த அண்ணனோ அக்காவோ வெளியூரில் இருந்தால் போனில் கேட்டு வையுங்கள்.