'சிந்தப்படும்' என்னும் சொல்



திருப்பலியில் கிண்ணத்தைக் கையிலேந்திக் குரு 'சிந்தப்படும்' என்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு (1962–65) முன், இலத்தீன் பூசையில் இவ்விடத்தில் வந்த சொல் 'எஃபுந்தேத்தூர்'. 'எஃபுந்தெரே' என்பது அதன் வினை. வெளியே ஊற்றுதல் என்பது பொருள். சொத்தை வாரியிறைத்து அழிப்பதையும் உரோமையர் இச்சொல்லாலேயே குறித்தனர்.

இலத்தீன் வேதாகமத்தில் மத்தேயு 26-ஆம் அதிகாரத்தைப் பார்ப்போம். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் தலைமேல் ஊற்றுகிறாள் (வசனம் 7). அங்கே இவ்வினையே வருகிறது. 'வீண்செலவு' என்று சீடர் கோபிக்கின்றனர். ஆண்டவரோ அதை நற்செயல் என்கிறார். அதே அதிகாரத்தில், இராவுணவின்போது, தம் இரத்தத்தைப்பற்றி அவர் பேசுமிடத்திலும் (வசனம் 28) இவ்வினையே நிற்கிறது.

அப்பெண் தைலத்தைத் துளி துளியாக அளக்கவில்லை. ஆண்டவரும் தம் இரத்தத்தை அளந்து தரவில்லை.

ஜூபிலி ஆண்டில் நாம் வரவுசெலவு பார்க்கிறோம்; கட்டியதையும் கொடுத்ததையும் எண்ணுகிறோம். அது தேவைதான். ஆயினும் அடுத்த முறை கிண்ணம் உயரும்போது நம்மை நாமே கேட்போம்: நாம் இதுவரை அளந்தோமா, ஊற்றினோமா?