கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா? பதறாமல் உட்காருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்த பிறகு, செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், அடுத்த முறை கம்ப்யூட்டர் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. தொலைபேசித் துறையில் லைன் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் கடந்த ஒரு வருஷத்தில் நம் வளாகத்தில் ஏழெட்டு வீடுகளில் ஒரே புகாருக்காகப் போய் வந்திருக்கிறேன். "படம் தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை."

இதைப் பேச ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். பி பிளாக்கில் ஒரு அம்மா. பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று அவரே அனுமதி கொடுத்தார். மகள் வெளிநாட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்க்டாப்பில்தான் பேத்தியைப் பார்த்துப் பேசுவார். ஒரு ஞாயிறு சத்தம் வரவில்லை. குழந்தை வாயசைப்பது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பதறிப்போய் நெட்டில் கஸ்டமர் கேர் நம்பர் என்று தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டார். அது எந்தக் கம்பெனியின் நம்பரும் இல்லை, மோசடிக்காரன் போட்டு வைத்த நம்பர். "ஒரு ஆப் போடுங்கள் அம்மா, இங்கிருந்தே சரி செய்கிறோம், பதிவுக்குப் பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்றான். பத்து ரூபாய் கட்டும்போது திரையில் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரிந்தது. கணக்கிலிருந்து 18,000 ரூபாய் போய்விட்டது.

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். மேஜையைத் துடைத்தபோது ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கிறது. திரும்பச் செருகியபோது பச்சை ஓட்டைக்குப் பதில் பக்கத்து ரோஸ் நிற ஓட்டையில் செருகிவிட்டார். அவ்வளவுதான் பழுது.

அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு. சத்தம் போவதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் வருகிற அவசரம்தான் நஷ்டத்தில் கொண்டு போய் விடுகிறது. அவசரம் போக வேண்டும் என்றால், கையில் ஒரு வரிசை இருக்க வேண்டும். அந்த வரிசையைச் சொல்கிறேன்.

வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்

டெலிபோன் லைனில் பழுது என்றால், எடுத்த எடுப்பில் எக்ஸ்சேஞ்சைக் கழற்ற மாட்டோம். முதலில் வீட்டுக் கருவி, பிறகு ஒயர், பிறகு கம்பம். கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான்.

முதலில் ஸ்பீக்கர். அதற்குக் கரன்ட் வருகிறதா, லைட் எரிகிறதா, ஒலி திருகு கூட்டி வைத்திருக்கிறதா? அடுத்து, ஒயரைக் கழற்றி உங்கள் செல்போனிலோ பழைய ரேடியோவிலோ செருகிப் பாருங்கள். அங்கே பாடினால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது.

பிறகு கம்ப்யூட்டரின் பின்பக்கம். பெரும்பாலான டெஸ்க்டாப்பில் மூன்று வண்ண ஓட்டைகள் இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, வெளிர் நீலம் வேறு கருவியிலிருந்து சத்தம் உள்ளே வருவதற்கு. ஸ்பீக்கர் பச்சையில்தான் இருக்க வேண்டும். பின்னை 'டிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். முன்பக்கத்தில் பேரன் ஹெட்போனைச் செருகி விட்டுப் போயிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் முன்னால் ஹெட்போன் இருந்தால் பின்னால் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும்.

சத்தம் வேறு வீட்டுக்குப் போகிறதா?

நான் பார்த்ததில் அதிகம் இதுதான். புது மானிட்டரை எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்தால், அந்த ஒயர் படத்தோடு சத்தத்தையும் கொண்டு போகும். விண்டோஸ் சில சமயம், இனி சத்தம் மானிட்டருக்கு என்று தானே முடிவு செய்துவிடும். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது! புளூடூத் ஹெட்செட்டும் அப்படித்தான். அடுத்த அறையில் கட்டில் மேல் கிடந்து கொண்டே சத்தத்தை இழுத்துக்கொள்ளும். தபால் ஒழுங்காகத்தான் போகிறது, விலாசம்தான் தப்பு.

திரையின் கீழே வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 10 என்றால் மேலே ஒரு கருவியின் பெயரும் சிறு அம்பும் தெரியும். விண்டோஸ் 11 என்றால் ஒலியளவுக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தொட வேண்டும். வரும் பட்டியலில் மானிட்டர் பெயரை விட்டு 'ஸ்பீக்கர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

யூடியூபில் மட்டும் சத்தம் இல்லை, மற்றதில் வருகிறது என்றால், கம்ப்யூட்டரில் குறை இல்லை. அந்த வீடியோவில் ஒலியை அடைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மேலே உள்ள டேபில் ரைட் கிளிக் செய்தால் அந்தத் தளத்தையே அடைத்து வைத்திருப்பதும் தெரிந்துவிடும்.

பழுது வெளியிலா உள்ளேயா என்று காட்டும் ஒரு சோதனை

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பாட்டை ஓட விடுங்கள். கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல் என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். சத்தம் போகக்கூடிய கருவிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னப் படிக்கட்டு போல ஒரு அளவுகோல் இருக்கும்.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு துள்ளினால், விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் பின், ஒயர், ஸ்பீக்கர் இவற்றில்தான் கோளாறு. மானிட்டர் பக்கத்தில் துள்ளினால் விலாசம் தப்பு. எங்குமே துள்ளவில்லை என்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டி வந்தால்

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதிலும் வரவில்லை, சமீபத்தில் அப்டேட் ஆனது என்றால் டிரைவரைப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற வரியை விரியுங்கள். பலருக்கு அங்கே 'ரியல்டெக்' என்று இருக்கும். அதன் பிராப்பர்டீஸில் 'டிரைவர்' பகுதிக்குப் போய், 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் அழுத்தும்படி இருந்தால் அழுத்துங்கள். பழைய டிரைவர் திரும்பி வரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, நடுவில் கேட்கும் டிக் கட்டத்தைத் தொடாமல் விட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே டிரைவரைப் போட்டுக்கொள்ளும். டிரைவர் தருகிறேன் என்று சொல்லும் தெரியாத தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு சத்தம் வரவில்லை என்றால், மதர்போர்டில் உள்ள ஒலிப் பகுதி போயிருக்கலாம். அப்போதும் போர்டை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்று பென்டிரைவ் அளவில் ஒன்று கிடைக்கிறது. அதைச் செருகி, ஸ்பீக்கரை அதில் மாட்டி, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். "சத்தம் வரவில்லை, போர்டு மாற்றணும் சார்" என்று யாராவது சொன்னால், "யுஎஸ்பி கார்டு போட்டுப் பார்த்தீர்களா தம்பி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

கடைசியாக, முக்கியமாக

கஸ்டமர் கேர் நம்பரை நெட்டில் தேடாதீர்கள். வாங்கிய பில்லிலோ, கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்திலோ உள்ள நம்பரை எடுங்கள். போனில் பேசும் முன்பின் தெரியாதவர் சொல்லும் எந்த ஆப்பையும் போடாதீர்கள். சத்தத்தைச் சரி செய்ய ஓடிபி எதற்கு? பேங்க் விவரம் எதற்கு? இதைக் கேட்டதுமே போனை வைத்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

தவறிப்போய் ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். உடனே நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சைபர் பண மோசடிக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. பேங்குக்கும் சொல்லுங்கள், பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பி பிளாக் அம்மா மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டார். பணம் போனதைவிட அதுதான் அவருக்கு இன்றும் வருத்தம்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகள் நம் வளாகத்தில் நிறைய. அவர்கள் குரல் கேட்காமல் போனால் மனசு பதறத்தான் செய்யும். அந்த நேரத்தில் போனில் அவர்களைக் கூப்பிட்டு, "சத்தம் வரலை கண்ணு, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு இந்த வரிசையை எடுங்கள். ஒயரைத் தொடப் பயமாக இருந்தால், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். நானே வந்து பார்க்கிறேன். கட்டணம் ஒரு டம்ளர் காபி. சர்க்கரை மட்டும் வேண்டாம்.