குழாய் மாறினால் குதிரை சக்தி கூடுமா?



இன்று எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது போலத் தோன்றும். காரின் இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாயை மாற்றினால் வண்டியின் சக்தி கூடுமா, கூடாதா? ஆனால் தம்போய், ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களில் எத்தனையோ இளைஞர்களின் சேமிப்பு இந்தக் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள பட்டறைகளில் சனிக்கிழமை மாலைகளில் பார்த்தால் தெரியும். பழைய புரோட்டோன் சத்ரியா, ஹோண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர் என்று வண்டிகள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே உரிமையாளர்களான இளைஞர்கள். தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு வேலை செய்தும், விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வந்தும் சேர்த்த பணம் அவர்கள் கையில் இருக்கும்.

நம் நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஒரு நல்ல இன்டேக் மெனிபோல்டு, அதற்குப் பொருந்தும் த்ரோட்டல், இசியு சரிசெய்யும் கட்டணம், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்குவது அரிது. ஆகவே, பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் அந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இஞ்சின் மூச்சு வாங்கும் விதம்

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ, அவ்வளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். 1.6 லிட்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, முழுமையாக மூச்சு வாங்கினால், நிமிடத்துக்கு 4,800 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதாவது வினாடிக்கு 80 லிட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 50 தடவை மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

காற்று வடிகட்டியையும் த்ரோட்டலையும் தாண்டி வரும் காற்றை நான்கு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் இன்டேக் மெனிபோல்டு. ஒரு பொதுப் பெட்டி, அதிலிருந்து பிரியும் நான்கு கிளைக்குழாய்கள், அவ்வளவுதான் அதன் வடிவம். அப்படியானால் குழாய் பெரிதானால் காற்று அதிகம் போகும், சக்தி கூடும் என்று நினைப்பது இயல்பே. பட்டறைகளில் சொல்லப்படுவதும் பெரும்பாலும் இதுதான். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதல்ல.

வால்வு திறக்கும்போது காற்று பாய்கிறது. வால்வு மூடியதும் பாய்ந்து வந்த காற்று மூடிய கதவில் மோதி நெரிசலாகிறது. அந்த நெரிசல் ஓர் அலையாகத் திரும்பி, ஒலியின் வேகத்தில், அதாவது வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில், குழாயின் மறுமுனைக்குப் போய் மீண்டும் வருகிறது. வால்வு அடுத்த முறை மூடப்போகும் நேரம் பார்த்து அந்த அலை வந்து சேர்ந்தால், கூடுதலாகக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். நேரம் தவறி வந்தால் உதவாது, சில வேளைகளில் கெடுக்கவும் செய்யும்.

நாதஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். நீளமான பாரி நாயனத்தில் சுருதி தாழ்ந்து வரும். குட்டையான திமிரி நாயனத்தில் சுருதி ஏறி ஒலிக்கும். காற்று ஒன்றுதான், குழாயின் நீளம் வேறு. இஞ்சினிலும் அப்படியே. நீளமான கிளைக்குழாய் குறைந்த சுற்றுகளில் நன்றாக உதவும். குட்டையான குழாய் அதிகச் சுற்றுகளில் உதவும். ஒரே நீளத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் முழுமையாகப் பெற முடியாது.

ஆக, மெனிபோல்டை மாற்றும்போது பெரும்பாலும் நடப்பது சக்தியின் இடமாற்றம்தான். ஓர் இடத்தில் கூடினால் இன்னோர் இடத்தில் குறையும். எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதே உண்மையான கேள்வி.

1960இல் கிடைத்த பாடம்

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960இல் தன் 300எஃப் காரில் 30 அங்குல நீளமுள்ள காற்றுக் குழாய்களைப் பொருத்தியது. 375 குதிரை சக்தி. டார்க் எனப்படும் முறுக்கு விசை 495 பவுண்டு-அடி, அதுவும் 2,800 சுற்றிலேயே. பந்தயக்காரர்களுக்காக அதே குழாயின் பயனுள்ள நீளத்தை 15 அங்குலமாகக் குறைத்து இன்னொரு வகையையும் விற்றது. அதில் குதிரை சக்தி 400 ஆக உயர்ந்தது. ஆனால் முறுக்கு விசை 465 ஆகக் குறைந்து, அது கிடைக்கும் இடமும் 3,600 சுற்றுக்குத் தள்ளிப்போனது. இரு இஞ்சின்களுக்கும் வேறு சில வித்தியாசங்கள் இருந்தாலும், வாங்கியதற்கு விலை கொடுக்கப்பட்டது என்பது தெளிவு.

இந்த இழப்பே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். 1991இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி காரில், சுற்று ஏறஏறக் குட்டையாகும் தொலைநோக்கி போன்ற காற்றுக் குழாய்கள் இருந்தன. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் கார் அதுதான். பாரி நாயனமும் திமிரி நாயனமும் ஒரே குழலில் அமைந்ததைப் போன்ற வேலை அது.

புரோட்டோன் கண்ட வழி

தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் நாட்டு புரோட்டோனே இந்தச் சிக்கலைச் சந்தித்தது. 2004இல் ஜென்-2 காருடன் வந்த 1.6 லிட்டர் கேம்ப்ரோ இஞ்சின் 6,000 சுற்றில் 110 குதிரை சக்தியும், 4,000 சுற்றில் 148 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தந்தது. தாளில் நல்ல எண்கள். ஆனால் ஓட்டியவர்கள் ஒரு குறை சொன்னார்கள். அன்றாடம் வண்டி ஓடும் நடுத்தரச் சுற்றுகளில் இழுவை திடீரெனத் தொய்ந்து போகிறது என்பதே அது. மேடு ஏறும்போதும் முந்திச் செல்லும்போதும் அது நன்றாகத் தெரிந்தது.

புரோட்டோன் 2008இல் இரண்டு விதமாக இதற்குப் பரிகாரம் கண்டது. ஒன்று, நீளம் மாறும் மெனிபோல்டைச் சாதாரண கேம்ப்ரோ இஞ்சினில் பொருத்தி, அந்த நடுத்தரச் சுற்றுத் தொய்வைச் சரிசெய்தது. இந்த மெனிபோல்டை உருவாக்குவதில் போஷ், மான் ஹும்மல் போன்ற ஜெர்மானிய நிறுவனங்களும் பங்கு கொண்டன. மற்றொன்று சிபிஎஸ் என்ற இஞ்சின். அதில் நீளம் மாறும் மெனிபோல்டும், வால்வு திறக்கும் அளவை மாற்றும் கேம் அமைப்பும் சேர்ந்து வந்தன. சத்ரியா நியோவுக்கும் 2009இல் அது கிடைத்தது.

சிபிஎஸ் இஞ்சினின் எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முறுக்கு விசை 148இலிருந்து 150 ஆனது. இரண்டே இரண்டுதான் கூடியது. ஆனால் குதிரை சக்தி 110இலிருந்து 125 ஆனது, அதுவும் 6,500 சுற்றில். இஞ்சின் மேல் சுற்றுகளிலும் மூச்சுத் திணறாமல் ஓடியதால் கிடைத்த பலன் இது. சோதனைக் கூடமும் பொறியாளர்களும் வைத்திருக்கும் ஒரு கார் நிறுவனம், மெனிபோல்டு, கேம், கணினி மூன்றையும் சேர்த்து மாற்றிப் பெற்றது 15 குதிரை சக்தி. அப்படியிருக்க, மெனிபோல்டு ஒன்றை மட்டும் மாற்றி முப்பது குதிரை தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் குதிரைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பதில் தவறில்லை.

சாலை எது, ஓடுதளம் எது

சிப்பாங் ஓடுதளத்தில் இஞ்சின் பெரும்பாலும் மேல் சுற்றுகளிலேயே ஓடும். அங்கே குட்டையான, அகலமான மெனிபோல்டுக்கு நியாயம் உண்டு. ஆனால் தம்போயிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும் வண்டி எந்தச் சுற்றில் ஓடுகிறது? ஸ்கூடாய் நெடுஞ்சாலையின் நெரிசலில் இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுக்கு மேல் போக இடம் ஏது? அந்த வண்டியில் பந்தய மெனிபோல்டைப் போட்டால், பயன்படுத்தாத இடத்தில் சக்தியை வாங்கி, பயன்படுத்தும் இடத்தில் சக்தியை விற்றதாக முடியும். பெட்ரோலும் கூடச் செலவாகும். அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது குழாய்க்கும் பொருந்தும்.

ஜொகூரின் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. காற்று ஏறக்குறைய 3 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஒரு விழுக்காடு குறைகிறது. பல கார்களில் தொழிற்சாலை பொருத்தும் மெனிபோல்டு பிளாஸ்டிக்கால் ஆனது. அதை மட்டமானது என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. அது எடை குறைந்தது, உட்புறம் வழவழப்பானது, இஞ்சின் சூட்டை எளிதில் கடத்தாதது. பளபளக்கும் அலுமினிய மெனிபோல்டு நெரிசலில் சூடேறி, உள்ளே போகும் காற்றையும் சூடாக்கிவிடும்.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காற்று கூடினால் பெட்ரோலும் அதே விகிதத்தில் கூட வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு எடை காற்று வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது இஞ்சினைக் காப்பாற்றப் பெட்ரோல் இதைவிடச் சற்று அதிகமாகவே தேவை. இசியுவைச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் மாற்றினாலோ, கேஸ்கெட் சரியாக உட்காராமல் காற்று கசிந்தாலோ, பெட்ரோல் போதாமல் இஞ்சின் தட்டத் தொடங்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். சக்தி தேடிப் போனவர் இஞ்சினையே இழப்பார்.

32 மில்லிமீட்டரில் ஓர் உலகப் பட்டம்

மலேசியரான கரம்ஜித் சிங் 2002இல் அனைத்துலக மோட்டார் சம்மேளனத்தின் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றார். அவர் ஓட்டியது புரோட்டோன் பெர்ட். அந்தப் பிரிவின் விதிப்படி இஞ்சினின் பெரும்பாலான பாகங்கள் தொழிற்சாலையில் வந்தபடியே இருக்க வேண்டும். டர்போவுக்குள் போகும் காற்று 32 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு மூச்சு. அதை வைத்துக்கொண்டு உலகத்தை வெல்ல முடிந்ததென்றால், வெற்றி குழாயின் அகலத்தில் மட்டும் இல்லை. டயர், பிரேக், சஸ்பென்ஷன், இஞ்சினைச் செம்மையாக வைத்திருக்கும் மெக்கானிக், ஓட்டுபவரின் நிதானம் எல்லாம் சேர்ந்த வெற்றி அது.

செய்ய வேண்டியது என்ன?

அதற்காக மெனிபோல்டை மாற்றவே கூடாது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கேம் மாற்றி, எக்சோஸ் மாற்றி, ஓடுதளத்தில் ஓட்டும் வண்டிக்கு அது தேவை. டர்போ இஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் காற்று சமமாகப் போவதற்கும் நல்ல மெனிபோல்டு உதவும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் இருக்கும் இஞ்சின் நலமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடைத்துப்போன வடிகட்டி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், குறைந்த கம்ப்ரெஷன் இவற்றைச் சரிசெய்தாலே போன சக்தியில் ஒரு பகுதி திரும்பி வரும். அடுத்து டயரும் பிரேக்கும். அதன் பிறகே குழாய்.

பட்டறையில் நான்கு கேள்வி கேட்க வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே டைனோவில் அளந்து காட்டுவீர்களா? உச்ச எண்ணை மட்டுமா, 2,000 சுற்றிலிருந்து முழு வளைகோட்டையும் தருவீர்களா? இசியு சரிசெய்வது விலைக்குள் அடக்கமா? பழைய மெனிபோல்டைத் திருப்பித் தருவீர்களா? நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் வேறு பட்டறை பார்ப்பது உத்தமம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் நடப்பில் உள்ளது. ஹாஃப்கட் கடையில் வாங்கிய இஞ்சினைப் பொருத்துவது போன்ற பெரிய மாற்றங்களுக்கு ஜேபிஜேயின் அனுமதியும் பரிசோதனையும் தேவை. காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் வண்டியை மாற்றினால், விபத்தின்போது இழப்பீடு கேட்கும் இடத்தில் வாய் திறக்க முடியாமல் போகலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஸ்பேனரும் கையுமாகக் காருக்கு அடியில் கிடந்தால் உடனே திட்ட வேண்டாம். காற்றின் அலையையும் பெட்ரோலின் விகிதத்தையும் புரிந்துகொள்ளும் பிள்ளை மட்டமான பிள்ளை அல்ல. பாசிர் கூடாங்கில் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஆர்வத்தைத் தொழிலாக்கிக்கொள்ள வழி உண்டு. நெடுஞ்சாலையில் நள்ளிரவுப் பந்தயத்துக்குப் போகும் வேகத்தை வகுப்பறைப் பக்கம் திருப்பிவிடுவது வீட்டில் உள்ளவர்களால் முடிகிற காரியம்.

குழாய் மாறினால் குதிரை சக்தி கூடுமா? கூடும், கேட்ட இடத்தில் கூடாமலும் போகும். வண்டி எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்த்து, அளந்து, பிறகு மாற்றுபவருக்கு அது முதலீடு. அளக்காமல் மாற்றுபவருக்கு அது சத்தம் மட்டுமே.